லீவர் மெஷினில் போடும் எஸ்பிரசோ புளிக்கிறது, என்ன செய்யலாம்?

பெங்களூரு, கையால் அழுத்தும் லீவர் மெஷின், மீடியம் ரோஸ்ட் அராபிகா, தண்ணீர் கொதித்ததும் இரண்டு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறவிடுவதை முதலில் நிறுத்துங்கள்.

நானும் இந்த ஊர்தான், அல்சூர். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறோம். இங்கே தண்ணீர் கொதிப்பதே 97 டிகிரி வாக்கில். எஸ்பிரசோவுக்கு 90 முதல் 96 வரை வேண்டும். நீங்கள் ஆறவிடுவதில் கொஞ்சம் போகிறது, மிச்சத்தை, தண்ணீர் ஊற்றும் சில்லிட்ட உலோக சிலிண்டர் குடித்துவிடுகிறது. டிசம்பர் காலையில் கேட்கவே வேண்டாம். சிலிண்டரைக் கொதிநீரில் போட்டு, வெறுங்கையால் தொட முடியாத அளவு சூடேற்றி, கெட்டில் அணைந்த கையோடு ஊற்றுங்கள். (தண்ணீரைத் தானே சூடாக்கும் பாய்லரோடு வரும் லீவர் மெஷினுக்கு இது பொருந்தாது. அதில் அடுத்தடுத்து ஷாட் (ஒரு முறை இறக்கும் எஸ்பிரசோ) போட்டால் சூடு எகிறிக் கசக்கும்.)

அடுத்தது அரைப்பு. காபித்தூள் கடையில் ஃபில்டருக்கு அரைத்துத் தருவது இதற்குச் சரிவராது. சிக்கரி கலந்தது வேண்டவே வேண்டாம். வீட்டிலேயே அரையுங்கள். அரைத்த தூளை பாஸ்கெட்டில் (தூள் போடும் சல்லடைக் கிண்ணம்) ஊசியால் கிளறிக் கட்டி உடைத்து, சமமாக டேம்ப் செய்யுங்கள், அதாவது அழுத்திப் படியவையுங்கள்.

இனி கை வேலை. 18 கிராம் தூள், கோப்பையில் 36 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எடுத்த எடுப்பில் முழு பலத்தோடு அழுத்தாதீர்கள். 2, 3 பார் (அழுத்தத்தின் அலகு) அளவில் லேசாகப் பிடித்து, பாஸ்கெட்டின் அடியில் முதல் துளிகள் அரும்பும் வரை பொறுங்கள். பிறகு நிதானமாக 8, 9 பாருக்கு ஏற்றி, பாதிக்கு மேல் 6 வரை இறங்க விடுங்கள். ஸ்ப்ரிங் லீவர் மெஷின்களில் சுருள் தளரத் தளர இதுவேதான் நடக்கிறது. நடுவில் லீவர் திடீரென்று லொடக்கென்று இறங்கினால், தூளில் எங்கோ ஓட்டை விழுந்து தண்ணீர் அது வழியே ஓடுகிறது என்று அர்த்தம். அப்போது இன்னும் அழுத்திப் பயனில்லை, அந்த ஷாட் அவ்வளவுதான்.

முதல் துளியிலிருந்து 25, 30 விநாடியில் முடிய வேண்டும். 15-லேயே முடிந்தால் இன்னும் நைசாக அரையுங்கள். லீவர் இறங்கவே மறுத்தால் அரைப்பை ஒரு புள்ளி பெரிதாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் புளித்தால் கோப்பையில் இறங்கும் 36 கிராமை 42 ஆக்கிப் பாருங்கள், அல்லது அடுத்த பாக்கெட் சிக்மகளூர் மீடியம் டார்க்காக வாங்குங்கள். “டிகாக்‌ஷனுக்கு ஈடாகுமா?” என்று வீட்டில் அம்மா கேட்டால், அதற்கு என்னிடம் பதில் இல்லை.