பிளேட்லெட் 38,000 என்றால் பயப்படணுமா? ரத்தம் பற்றிய கேள்வி பதில்

வடசென்னை வாசகர்கள் கேட்டவற்றுக்கு ரத்தப் பரிசோதனைத் துறையில் இருக்கும் ஒருவர் தரும் பதில்கள்.

ராயபுரம்: சார், ரத்தத்துல எது எது எவ்வளவு இருக்கு?

மொத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 70 மில்லி. 60 கிலோ ஆளுக்கு 4.2 லிட்டர். ஊதா மூடி டியூபில் எடுத்து சென்ட்ரிஃபியூஜ் என்ற வேகமாகச் சுழலும் மெஷினில் சுற்றினால் பிரிந்து நிற்கும். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, ஏறக்குறைய 55 சதவீதம். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்; மீதி ஆல்புமின், குளோபுலின், ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள், உப்புகள், சர்க்கரை, ஹார்மோன், கழிவு. அடியில் சிவப்பணுக்கள், 45 சதவீதம் வரை. ரிப்போர்ட்டில் பிசிவி என்று வருவது இந்த அடியடுக்கின் பங்குதான். இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெளிர்ப் படலம், ஒரு சதவீதம்கூடத் தேறாது. வெள்ளையணுவும், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டும் அதற்குள்தான். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், பிளேட்லெட்டுக்கு 7 முதல் 10 நாள்.

வியாசர்பாடி: அம்மாவுக்குக் காய்ச்சல் இல்ல, எங்கயும் ரத்தம் கசியல. ஆனா பிளேட்லெட் 38,000ன்னு வந்திருக்கு. என்னண்ணா பண்றது?

ஆளைப் பார்த்தால் நோய் தெரியவில்லை, எண் மட்டும் பயமுறுத்துகிறது என்றால் முதலில் டியூபைச் சந்தேகப்படுங்கள். ஊதா மூடி டியூபில் உறையாமல் இருக்க இடிடிஏ என்ற மருந்து இருக்கிறது. சிலருடைய பிளேட்லெட்டுகள் அந்த மருந்து பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மெஷின் அளவை வைத்து எண்ணுவதால் கட்டியைப் பிளேட்லெட்டாகக் கணக்கில் எடுக்காது. சில நேரம் வெள்ளையணு என்றே எண்ணிவிடும். இது உடம்பில் நடப்பதல்ல, டியூபுக்குள் நடப்பது.

இன்னொரு காரணம் சாதாரணமானது. நரம்பு கிடைக்காமல் மெதுவாக இழுத்திருப்பார்கள், அல்லது எடுத்தவுடன் டியூபை 8 முதல் 10 முறை மெல்லக் கவிழ்த்துக் கலக்காமல் விட்டிருப்பார்கள். உள்ளே சின்ன உறைவு விழுந்துவிடும்.

லேபில் இரண்டு கேளுங்கள். ஒன்று, ஸ்லைடில் ஸ்மியர் போட்டு, அதாவது ஒரு சொட்டு ரத்தத்தை மெல்லியதாகத் தடவி, முக்கியமாக அதன் ஓரத்தில், கட்டி இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அதில் 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு திரவம் இருப்பதால், வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும். இதை மறக்கிற லேபும் உண்டு. ஸ்மியரிலும் நிஜமாகவே குறைவு என்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஈறில் கசிவு, காலில் சிவப்புப் புள்ளி, கருப்பு மலம் இருந்தால் மறு டெஸ்டுக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

தண்டையார்பேட்டை: தம்பிக்கு டெங்கு. காய்ச்சல் நேத்து விட்டுடுச்சு. பிளேட்லெட் 62,000, பிசிவி 41ல இருந்து 50. பிளேட்லெட் ஏத்தணுமா?

நீங்கள் கவலைப்பட வேண்டியது 62,000 இல்லை, அந்த 50. பிசிவி 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. சிவப்பணு கூடவில்லை, பிளாஸ்மா நாளங்களிலிருந்து வெளியே கசிந்து, மிச்சம் கெட்டியாகியிருக்கிறது. காய்ச்சல் விட்ட பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் டெங்குவில் ஆபத்தானது. உடனே ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே அளந்து டிரிப் ஏற்றுவார்கள். கண்டபடி ஏற்றினாலும் நுரையீரலில் நீர் சேரும். ரத்தக்கசிவு இல்லாதவரை பொதுவாக 10,000க்குக் கீழே போனால்தான் பிளேட்லெட் ஏற்றுவதை யோசிப்பார்கள். பப்பாளி இலைச் சாறு கசிவை அடைக்காது. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் இரண்டும் கூடாது.

காசிமேடு: ஹீமோகுளோபின் 9. மாமியார் தினமும் பீட்ரூட் ஜூஸ் குடிக்கச் சொல்றாங்க.

நிறம்தான் சிவப்பு, இரும்பு கொஞ்சம்தான். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், எவ்வளவோ மேல். அதிலுள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். ஆனாலும் 9 என்றால் டாக்டர் தரும் மாத்திரை வேண்டும். வெறும் வயிற்றில், எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள். டீ, காபி, பால் எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி. மலம் கருப்பாகப் போவது மாத்திரையால்தான். ஹீமோகுளோபின் சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் சுமார் மூன்று மாதம் ஆகும். மாதவிடாய் அதிகமா, வயிற்றுப் பூச்சித் தொல்லையா என்ற காரணத்தையும் தேட வேண்டும்.

பெரம்பூர்: எடை 48 கிலோ. ரத்த தானம் செய்யலாமா?

18 வயது முடிந்து, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் 350 மில்லி கொடுக்கலாம். 450 மில்லிக்கு 55 கிலோவுக்கு மேல் வேண்டும். அடுத்த தானத்துக்கு ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் விட வேண்டும்.

மணலி: கடைக்குள்ள ஜெனரேட்டர் ஓட்டினோம். பையனுக்குத் தலைவலி, வாந்தி. விரல்ல மாட்டுற மெஷின் 98 காட்டுது. அப்ப ஆக்ஸிஜன் சரிதானே?

இல்லை. ஜெனரேட்டர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்டதையும் அந்தச் சாதாரண மெஷின் ஆக்ஸிஜன் ஏறியது என்றே படிக்கும். பையனை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108ஐ அழையுங்கள். முகமூடி வைத்து முழு ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும். புகை அடைத்த கடைக்குள் இருந்தோம் என்று போனவுடனே சொல்லுங்கள். அதற்கான ரத்தப் பரிசோதனை தனி.