செக்கில் தொகையை எழுதியது நான் இல்லை. தப்பிக்க வழி உண்டா?

கேள்வி: பவானியில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். 2022 ஜூனில், இருபது வருடப் பழக்கமுள்ள ஒருவரிடம் 3 லட்சம் கடன் வாங்கினேன். பணம் என் வங்கிக் கணக்குக்கே வந்தது. 3 வட்டி. கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு செக், ஒன்றும் எழுதாத ஒரு புரோநோட்டு வாங்கிக்கொண்டார். மாதம் 9,000 வீதம் 24 மாதம் வட்டி கட்டினேன். அதில் 15 மாதம் ஜிபே, மீதி கையில். ஜிபேயிலும் பாதி அவர் மனைவியின் நம்பருக்குப் போனது. 2024 ஜூனில் அசலில் 1 லட்சத்தை வங்கி மூலம் அனுப்பினேன். அதன்பின் வியாபாரம் படுத்துவிட்டது. இப்போது ஒரு செக்கில் அவரே 6 லட்சம் என்று எழுதி, 2025 அக்டோபர் தேதி போட்டு, ஈரோட்டில் தன் கணக்கில் போட்டிருக்கிறார். 'பணம் போதவில்லை' என்று திரும்பிவிட்டது. வக்கீல் நோட்டீஸ் வந்து ஆறு நாள் ஆகிறது. கடைக்கே வந்து வாடிக்கையாளர்கள் முன்னால் என்னை அசிங்கப்படுத்தினார். அவர் மகள் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவன் நான். செக் தொலைந்துவிட்டது என்று போலீஸில் எழுதிக்கொடு என்கிறார் ஒரு நண்பர். கடனே வாங்கவில்லை என்று பதில் போடு என்கிறார் இன்னொருவர். நோட்டீஸைக் கண்டுகொள்ளாதே என்கிறார் மைத்துனர். கந்துவட்டிப் புகார் கொடுத்தால் செக் கேஸ் நின்றுவிடுமா?

(பெயர் வெளியிட வேண்டாம், பவானி)

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேலை உள்ள விஷயம் இரண்டுதான். 3 லட்சம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்தது. அதில் 1 லட்சம் 2024 ஜூனில் வங்கி வழியாகவே திரும்பிப் போனது. இருபது வருடப் பழக்கம், கல்யாணத்துக்கு முன்னின்றது, கடையில் நடந்த அசிங்கம் எதுவும் தீர்ப்பில் ஒரு வரியாகக்கூட வராது. செக்கில் தொகையை எழுதிய கை யாருடையது என்பதும் கிட்டத்தட்ட அந்தக் கணக்கில்தான் சேரும்.

கையெழுத்து உங்களுடையது, செக்கையும் நீங்களாகத்தான் கொடுத்தீர்கள். அப்படிக் கொடுத்த வெற்றுக் காசோலையைப் பின்னால் வேறொருவர் நிரப்பினாலும், செக் பற்றிய செலாவணி முறிச் சட்டம் 139-வது பிரிவின் அனுமானம், அதாவது மாறாக நிரூபிக்கும்வரை செக் கடனுக்காகக் கொடுத்தது என்றே எடுத்துக்கொள்வது, அதற்குப் பொருந்தும் என்று 2019-ல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'செக்யூரிட்டிக்குக் கொடுத்தது' என்று சொல்வதாலும் தனியாகப் பலன் இல்லை. கையெழுத்து நிபுணருக்கு அனுப்புங்கள், மையின் வயதைப் பாருங்கள் என்று மனுப் போடலாம். நாலைந்து வாய்தா போகும், பீஸும் போகும். எழுதியது அவர்தான் என்று கடைசியில் நிரூபித்தாலும் வழக்கு இருந்த இடத்திலேயே இருக்கும்.

நீதிமன்றம் பார்க்க வேண்டியது இது: செக் வங்கிக்குப் போன அன்று, அதில் எழுதிய அளவுக்கு நீங்கள் பாக்கிப்பட்டிருந்தீர்களா? செக் கொடுத்த பிறகு கடனில் ஒரு பகுதியைக் கட்டியிருந்தால், கட்டியதை 56-வது பிரிவின்படி செக்கிலேயே குறித்து, மிச்சத்துக்கு மட்டும்தான் வங்கியில் போட வேண்டும்; குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டுத் திரும்பினால் அது அதே சட்டம் 138-வது பிரிவின்படி, அதாவது செக் திரும்பிய குற்றமாக, ஆகாது. தஷ்ரத்பாய் படேல் வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். உங்கள் 1 லட்சம் இதற்குள் வருகிறது. அவருடைய 3 வட்டியையே வைத்துக்கொண்டாலும், மிச்ச அசல் 2 லட்சம், 16 மாத வட்டி 96,000, ஆக 2,96,000. அவர் கணக்கிலேயே 3 லட்சத்தை எட்டவில்லை.

அதற்கு அவர் தரப்பு என்ன சொல்லும் என்பதையும் இப்போதே எதிர்பார்க்க வேண்டும். '3 லட்சம் வங்கியில் கொடுத்தேன், பிறகு ரொக்கமாக மேலும் கொடுத்தேன், எல்லாம் சேர்த்து 2025 அக்டோபரில் இந்த செக்கைக் கொடுத்தார்' என்று புகாரில் எழுதுவார்கள். அந்தக் கதை நின்றுவிட்டால் உங்கள் 2024 ஜூன் பணம் செக்குக்கு முந்தைய பணம் ஆகிவிடும், மேலே சொன்ன தீர்ப்பு உங்களுக்கு உதவாது. எனவே செக் எந்த வருடம் கைமாறியது என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. அதை நிரூபிக்க சாட்சி தேடி அலைய வேண்டாம். நோட்டீஸில் செக் எண் இருக்கும். அதே புத்தகத்தில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள் எப்போது பணமாயின என்று உங்கள் ஸ்டேட்மெண்டில் பாருங்கள். எல்லாம் 2022 ஜூன், ஜூலையிலேயே முடிந்து, நடுவில் இந்த ஓர் எண் மட்டும் மூன்று வருடம் கழித்து வந்திருந்தால், குறுக்கு விசாரணையில் அவரிடம் பதில் இருக்காது. செக் புத்தகம் என்றைக்குக் கொடுக்கப்பட்டது என்பதற்கு வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடிக்கட்டை இருந்தால் அதில் இப்போது எதையும் புதிதாக எழுதிச் சேர்க்காதீர்கள்.

ரொக்கக் கதைக்கு ஒரு குறுக்குவழி சிலர் சொல்வார்கள்: 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கக் கடன் வருமான வரிச் சட்டப்படி கூடாது, ஆகவே அது கடனே இல்லை என்று. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது. போதாததற்கு, அந்தச் சட்டத்தில் அபராதம் கடன் வாங்கியவருக்குத்தான், கொடுத்தவருக்கு இல்லை. பணம் எங்கிருந்து வந்தது, எந்த வங்கியில் எடுத்தார், வருமான வரிக் கணக்கில் காட்டினாரா, எந்த நாள், யார் கூட இருந்தார்கள் என்று கேட்டு அவருடைய பொருள் வசதியையே சந்தேகத்துக்கு உள்ளாக்குவதுதான் செல்லுபடியாகும் வழி. சந்தேகமற நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் கதை நம்பத்தக்கது என்று தோன்றினால் போதும்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி வழக்குகளில் பெரும்பாலானோர் தோற்பது செக்கால் அல்ல, நோட்டீஸ் வந்தபின் பணம் கட்டச் சட்டம் தரும் முதல் பதினைந்து நாளில் அவர்களே எழுதிக்கொடுக்கும் காகிதத்தால். உங்களுக்குக் கிடைத்த மூன்று யோசனையும் அந்த ரகம்தான்.

செக் தொலைந்தது என்று இன்று போலீஸில் கொடுத்தால், ரசீதில் நோட்டீஸுக்குப் பிந்தைய தேதி இருக்கும். 2022-ல் தொலைந்த செக்குக்கு மூன்று வருடம் வங்கிக்கு ஒரு கடிதம்கூட ஏன் போடவில்லை என்று முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுவீர்கள். அதைவிட மோசம், தொலைந்த செக்குக்கு நீங்கள் எப்படி 1 லட்சம் கட்டியிருக்க முடியும்? ஒரே கையெழுத்தில் உங்கள் நல்ல வாதம் செத்துவிடும். கடனே வாங்கவில்லை என்று பதில் போட்டாலும் அதே கதி. அவர் தன் வங்கிக் கணக்கைக் காட்டி 3 லட்சத்தை நிரூபித்த அந்த நிமிடம், நீங்கள் சொல்லும் மற்ற எல்லாமும் பொய்யாகத் தெரியும். இரண்டையும் கலந்து 'வாங்கவில்லை. வாங்கியிருந்தாலும் கட்டிவிட்டேன்' என்று எழுதும் பதில் நோட்டீஸ்களும் உண்டு. சிவில் வழக்கில் அப்படி மாற்று வாதம் வைக்கலாம். இங்கே அது அனுமானத்தை அவருக்குச் சாதகமாக இறுக்கித்தான் விடும்.

மைத்துனர் சொல்வது போல் சும்மா இருப்பதும் பொய் சொல்வதற்கு அடுத்தபடி கெடுதல். பதில் போடாததாலேயே தண்டனை வராது. ஆனால் இரண்டு வருடம் கழித்து கூண்டில் ஏறி முதல்முறையாக '1 லட்சம் கட்டினேன்' என்றால், இவ்வளவு நாள் எங்கே போனீர் என்று கேட்பார்கள். தபாலை வாங்காமல் திருப்பினாலும் சரியான முகவரிக்குப் போன தபால் சேர்ந்ததாகத்தான் கணக்கு.

ஆக, மீதி இருக்கும் ஒன்பது நாளுக்குள் பதில் நோட்டீஸ் போக வேண்டும். அதில் இருக்க வேண்டியது: வாங்கிய தொகை, வந்த தேதி, பரிமாற்ற எண், கொடுத்த இரண்டு செக்கின் எண்களும் வெற்றுப் புரோநோட்டும், திருப்பிய 1 லட்சம், அதன் தேதி, எண், வட்டியாகப் போன ஒவ்வொரு தொகையும். கையில் கொடுத்த 81,000-ஐயும் எழுதுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். ரசீது இல்லாத ரொக்கம் நீதிமன்றத்தில் பாதி இல்லாத பணம். மனைவியின் நம்பருக்குப் போனதை 'அது வேறு சேலை வியாபாரக் கணக்கு' என்று சொல்வார்கள். 'இந்த நம்பருக்குப் போடு' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அதுதான் கயிறு. போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். ஜிபே திரையைப் படம் பிடித்து நீட்டினால் போதாது. வங்கியின் சான்றளித்த ஸ்டேட்மெண்டும், போன் பதிவுக்குப் புதிய சாட்சியச் சட்டம் (2023) 63-வது பிரிவுச் சான்றும் வேண்டும்.

கந்துவட்டிப் புகார் செக் வழக்கை நிறுத்தாது, பதினைந்து நாள் கெடுவையும் நிறுத்தாது. ஆண்டுக்கு 36 சதவீதம் என்பது கந்துவட்டிதான்; 2003-ம் ஆண்டுச் சட்டத்தில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆனால் மாதம் 9,000 வட்டிதான் என்பதற்கு ஆதாரம் மறுபடியும் அதே ஜிபே பட்டியலும் வாட்ஸ்அப்பும்தான். நோட்டீஸ் வந்தபின் கொடுக்கும் புகாரைக் காவல் நிலையத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கொடுப்பதானால் பதில் நோட்டீஸில் உள்ள அதே கணக்கோடு கொடுங்கள். ஓர் எண் மாறினாலும் அது உங்களுக்கு எதிரான ஆவணம்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் யோசனை: பேசி முடியுங்கள். உங்கள் வாதம் நல்ல வாதம்தான். ஆனால் தோற்றால் 12 லட்சம் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. மேல்முறையீட்டுக்குப் போனால், விதித்த தொகையில் குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள். வழக்கு நடக்கும்போதே அவர் 143ஏ பிரிவில் இடைக்கால இழப்பீடாக 1,20,000 வரை கேட்டு மனுப் போடலாம்; அது கட்டாயம் அல்ல என்று 2024-ல் தீர்ப்பு வந்திருந்தாலும், அந்த மனுவை எதிர்க்கவும் உங்களுக்கு அந்தப் பதில் நோட்டீஸ்தான் துணை. ஜெயித்தாலும் 2 லட்சம் அசல் பாக்கி போகப்போவதில்லை, அதற்கு அவர் சிவில் வழக்குப் போடலாம். கடையை விட்டு ஈரோட்டுக்கு வாய்தாவுக்கு வாய்தா அலைவது தனி. ஒரு வாய்தாவுக்கு மனுக்கூடப் போடாமல் விட்டால் பிடிவாரண்டு வந்துவிடும். இந்தக் கணக்கில் இரண்டேகால் முதல் இரண்டரை லட்சத்துக்குள் முடிந்தால் முடித்துவிடுங்கள். வட்டியாக ஏற்கெனவே 2 லட்சத்துக்கு மேல் கட்டியவன் இன்னும் ஏன் தர வேண்டும் என்ற கோபம் நியாயமானது; அதற்கு விலை கொடுக்க வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

பேச இதுவே நல்ல நேரம். பதினைந்து நாள் முடிந்தபின் புகார் தாக்கல் செய்ய அவருக்கு ஒரு மாதம் இருக்கிறது. வழக்கு எண் விழாமலே முடிக்கலாம். விழுந்தாலும் பயமில்லை. உங்கள் தரப்பு சாட்சியம் தொடங்கும் முன் செக் தொகையைச் செலுத்தினால் தனிக்கட்டணம் இல்லாமலே ராஜியை ஏற்கலாம், அதற்குப் பிறகு தீர்ப்புக்கு முன் என்றால் செக் தொகையில் 5 சதவீதம், மேல்முறையீட்டில் 7.5 சதவீதம் என்று 2025 செப்டம்பர் தீர்ப்பு வைத்திருக்கிறது. அவர் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் அந்தக் குறைந்த தொகைக்கே முடிக்கலாம்.

ராஜியிலும் குழி உண்டு. பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு 'கேஸை நான் பார்த்துக்கிறேன்' என்பார். அவர் நேரில் வந்து ராஜி மனுவில் கையெழுத்துப் போட்டு, மாஜிஸ்திரேட் பதிவு செய்யும்வரை வழக்கு உயிரோடுதான் இருக்கும். பணம் போய், ஆறு மாதம் கழித்து வாரண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். தவணைக்குப் புது செக் கேட்பார், கொடுக்காதீர்கள். ராஜிக்காகக் கொடுத்த செக் திரும்பினால் அது தனிக் குற்றம் என்று 2021-ல் கிம்பெக்ஸ் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் 'அவ்வளவு பாக்கி இல்லை' என்ற வாதம் அந்தப் புது செக்குக்கு இருக்காது, ஏனென்றால் அந்தத் தொகையை நீங்களே ஒப்புக்கொண்டிருப்பீர்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தாலும் கட்டத் தவறினால் டிகிரி போலவே நிறைவேற்றுவார்கள். ஆகவே கையில் பணம் சேர்ந்த பிறகு ஒரே தவணையில், டிடியாக, அவர் பெயருக்கே.

டிடியைக் கொடுக்கும் அதே மேசையில் இரண்டு செக்கும் புரோநோட்டும் அசலாகத் திரும்பி வர வேண்டும். நோட்டீஸில் உள்ளது ஒரு செக் மட்டும்தான் என்பதை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. இன்னொன்று இன்னும் வெற்றாக அவரிடம் இருக்கிறது. தேதி போடாத புரோநோட்டும் அப்படியே. 'எங்கேயோ வைத்துவிட்டேன், கிடைத்தால் கிழித்துவிடுகிறேன்' என்றால் டிடியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். குறைந்தபட்சம் அந்த எண்ணைக் குறிப்பிட்டு, அதன்மேல் எந்த உரிமையும் இல்லை என்று அவர் கையெழுத்தில் வேண்டும். இன்றே வங்கிக்கும் அந்த எண்ணைச் சொல்லி, செக் 2022-ல் எதற்காகக் கொடுத்தது, பாக்கி எவ்வளவு என்று எழுதிப் பணம் கொடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தம் போட்டால் 138 வராது என்று நினைக்காதீர்கள், வரும். அந்தக் கடிதத்தின் தேதிதான் உங்களுக்குத் தேவை.