போகவா, இருக்கவா: தேவசித்தம் பத்தி ஒரு கடிதம்

அக்காவுக்கு ஸ்தோத்திரம்,

உங்க கட்டுரைகளை ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவை. எனக்கு வேலை போய் ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. இப்ப தூரத்துல வேற ஊர்ல ஒரு வேலை கிடைச்சிருக்கு, இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். இங்க அப்பாவுக்கு பக்கவாதம் வந்து படுக்கையில இருக்கார், அம்மாதான் பாத்துக்கிறாங்க, அவங்களுக்கும் வயசாச்சு. மனைவி போகலாம்னு சொல்றா. ஜெபம் பண்ணிட்டு வேதத்தைத் திறந்தா ஒரு நாள் ஆபிரகாமை தேசத்தை விட்டுப் புறப்படச் சொன்ன இடம் வருது, மறுநாள் தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுன்னு வருது. சபையில தீர்க்கதரிசன வரம் உள்ள ஒரு சகோதரர், கர்த்தர் வாசலைத் திறந்திருக்கார், தாராளமா போங்கன்னு அடிச்சு சொல்றார். ஆனா எனக்கு சமாதானமே இல்ல, ராத்திரி தூக்கம் வரல. வரவு செலவு கணக்கு எழுதிப் பாத்தேன், அதை ஒருத்தர்கிட்ட சொன்னப்ப விசுவாசிக்கு எதுக்கு கணக்குன்னு கேட்டுட்டார். பணத்துக்காகத்தான் போக நினைக்கிறேனோன்னும் குத்துது. தேவசித்தம் எதுன்னு தப்பே இல்லாம கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுங்க அக்கா. பேர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பிக்கு,

தப்பே இல்லாம கண்டுபிடிக்க ஒரு வழின்னு கேட்டிருக்கீங்க. அப்படி ஒண்ணு என்கிட்ட இல்ல, வேதத்துலயும் அப்படி ஒரு வழி சொல்லி நான் பாக்கல. யாக்கோபு முதல் அதிகாரத்துல கஷ்டங்களைப் பத்தி பேசிட்டு உடனே அடுத்து சொல்றது ஞானம் குறைவா இருந்தா தேவன்கிட்ட கேளுங்க, அவர் கடிஞ்சுக்காம எல்லாருக்கும் தாராளமா கொடுப்பார்ங்கிறதுதான். ஞானம் தர்றேன்னுதான் அங்க வாக்கு இருக்கு, உங்களுக்குப் பதிலா நானே முடிவெடுத்து சீட்டுல எழுதி அனுப்புறேன்னு இல்ல. முடிவெடுக்கிற வேலை நம்மகிட்டயே இருக்கு, அந்த வேலையை பயத்தோட அவர் முன்னாடி உக்காந்து செய்றதும் விசுவாசம்தான்னு நான் முழுசா நம்புறேன்.

அதனால அந்தக் கணக்கு நோட்டை மூடி வைக்காதீங்க. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதல்ல உக்காந்து செல்லும் செலவை கணக்குப் பாக்க மாட்டானான்னு கேட்டது இயேசுதானே, அது சீஷத்துவத்தைப் பத்தி சொன்ன உவமைதான், ஆனா கணக்குப் பாக்காதவனை அவர் அங்க பாராட்டல. பாரசீக ராஜாவுக்கு பானபாத்திரக்காரரா இருந்த நெகேமியாவைப் பாருங்க, எருசலேம் அலங்கம் (நகரத்து மதில்) இடிஞ்சு கிடக்குன்னு கிஸ்லேவ் மாசம் கேள்விப்பட்டு உபவாசம் இருந்து அழுது ஜெபிக்கிறார், நிசான் மாசம்தான் ராஜா முன்னாடி வாயைத் திறக்கிறார். நடுவுல ஏறக்குறைய நாலு மாசம். ராஜா உனக்கு என்ன வேணும்னு கேட்டதும் மனசுக்குள்ள ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டு எத்தனை நாள் ஆகும், எந்த அதிபதிகளுக்கு கடிதம் வேணும், மரத்துக்கு யார்கிட்ட உத்தரவு வேணும், எல்லாத்தையும் சொல்லிடுறார். ஜெபிச்ச மாசங்கள்லயே திட்டமும் போட்டிருக்கார்னு தெரியுதுல்ல? எருசலேம் போய்ச் சேர்ந்த பிறகும் மூணு நாள் கழிச்சு ராத்திரியில போய் அலங்கத்தை தன் கண்ணால பாத்துட்டுதான் ஜனங்ககிட்ட பேசுறார்.

அடுத்தது இந்தத் திறந்த வாசல். இதைப் பத்தி கொஞ்சம் நிறையவே சொல்லணும், ஏன்னா கஷ்ட காலத்துல விசுவாசிகள் அதிகமா ஏமாறுறது இந்த இடத்துலதான்னு எனக்குத் தோணும். அப்போஸ்தலர் 27-ம் அதிகாரத்தை இன்னைக்கு ராத்திரி பொறுமையா படிங்க. பவுலை கைதியா ரோமாவுக்கு கூட்டிட்டுப் போறாங்க, கப்பல் கிரேத்தா தீவுல நல்ல துறைமுகம்ங்கிற இடத்துல நிக்குது, உபவாச நாள் தாண்டியாச்சு, அதாவது கடல் மோசமாகிற பருவம் வந்தாச்சு. இந்தப் பயணத்துல சேதம் வரும்னு பவுல் சொல்றார். அந்த இடத்துல தூதன் சொன்னான், தரிசனம் கண்டேன்னு அவர் சொல்லல, எனக்குத் தெரியுதுன்னு மட்டும்தான் சொல்றார். ஏற்கனவே மூணு தடவை கப்பல் சேதத்துல மாட்டினவர் (கொரிந்தியருக்கு எழுதின ரெண்டாம் கடிதத்துல அவரே சொல்லியிருக்கார்), அந்த அனுபவம் பேசுது. ஆனா கைதிகளுக்குப் பொறுப்பா வந்த நூற்றுக்கு அதிபதி, அதாவது ரோமப் படை அதிகாரி, மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்புறான், அங்க இருந்தவங்கள்ல அதிகம் பேர் புறப்படலாம்னு சொல்றாங்க. அப்ப தென்றல் மெதுவா அடிக்குது, நினைச்சது கைகூடிடுச்சுன்னு நங்கூரத்தைத் தூக்கிட்டாங்க. கொஞ்ச நேரத்துலயே யூரோக்கிலிதோன்னு பேர் உள்ள கடுங்காத்து மோதுது.

தொழில் தெரிஞ்சவங்க ஆலோசனை, பெரும்பான்மை, சாதகமான காத்து, மூணும் அங்க இருந்துச்சு தம்பி. யோனா தீர்க்கதரிசிக்கும் அப்படித்தான், கர்த்தரை விட்டு ஓடணும்னு யோப்பாவுக்குப் போனா தர்ஷீசுக்குப் போற கப்பல் ரெடியா நிக்குது, கையில கூலி கொடுக்க பணமும் இருக்கு. வாசல் திறந்திருக்குன்னா போக முடியும்னு மட்டும்தான் அர்த்தம், போகணுமாங்கிறது வேற கேள்வி.

சமாதானம் இல்லன்னு எழுதியிருக்கீங்க. ஓடிப்போன யோனா கப்பலோட அடித்தட்டுல அயர்ந்து தூங்கினான், பிதாவோட சித்தத்துக்குள்ள நூறு சதவீதம் இருந்த இயேசு கெத்செமனேயில வியர்வை ரத்தத் துளி மாதிரி விழுற அளவுக்கு வியாகுலப்பட்டார். இதுக்கு மேல நான் என்ன சொல்ல, மனசோட அமைதியை மட்டும் வச்சு முடிவெடுத்தா இந்த ரெண்டு பேர் விஷயத்துலயும் நாம தப்பாத்தான் புரிஞ்சுக்குவோம். உங்களுக்கு தூக்கம் வராததுக்கு ஆறு மாசக் கவலையும் படுக்கையில இருக்கிற அப்பாவும் போதுமான காரணம். எலியா தீர்க்கதரிசி சாகணும்னு கேட்டு சூரைச்செடி கீழ படுத்தப்ப தூதன் அவருக்கு உபதேசம் பண்ணல, சாப்பாடும் தண்ணியும் கொடுத்து தூங்க விட்டான், மறுபடியும் எழுப்பி சாப்பிட வச்சான், அதுக்கப்புறம்தான் ஓரேப் மலையில தேவன் அவர்கிட்ட பேசினார். ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த விஷயத்தை எடுக்கவே எடுக்காதீங்க.

தீர்க்கதரிசனம் சொன்ன சகோதரரை நான் குறை சொல்லல, அற்பமா எண்ணவும் கூடாது. ஆனா பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது தீர்க்கதரிசனங்களை அற்பமா எண்ணாதீங்கன்னு சொன்ன கையோட எல்லாத்தையும் சோதிச்சுப் பாருங்கன்னும் சொல்றார். அவரோட வாழ்க்கையிலயே பாருங்க, தீருவுல சீஷர்கள் ஆவியினாலே எருசலேமுக்குப் போகாதீங்கன்னாங்க, செசரியாவுல அகபுங்கிற தீர்க்கதரிசி பவுலோட கச்சையை எடுத்து தன் கை காலைக் கட்டிக் காட்டி இந்தக் கச்சைக்காரனை இப்படித்தான் கட்டுவாங்கன்னான், கூட இருந்தவங்க அழுதாங்க. அகபு சொன்ன கட்டு உண்மையாவே வந்துச்சு, ஆனா பவுல் போகத்தான் செஞ்சார், கடைசியில எல்லாரும் கர்த்தருடைய சித்தம் ஆகட்டும்னு அமைதியானாங்க. இன்னொருத்தருக்கு வந்த வெளிச்சத்தை அவ்வளவு மதிச்ச ஒருத்தரே முடிவை அவங்க கையில கொடுக்கல. உங்க அம்மாவுக்கு ராத்திரி யார் உதவுறாங்கன்னு அந்த சகோதரருக்குத் தெரியுமா? போங்கன்னு சொல்றவங்ககிட்ட நான் போனா எங்க அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க வாரத்துல எத்தனை நாள் வருவீங்கன்னு மரியாதையா கேட்டுப் பாருங்க.

இப்ப உங்களைக் கொஞ்சம் நேரா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்க வேண்டாம். எரேமியா 42-ம் அதிகாரத்துல ஒரு கூட்டம் வருது. பாபிலோன் ராஜா யூதாவுக்கு அதிபதியா வச்சிருந்த கெதலியாவைக் கொன்னுட்டாங்க, பாபிலோன்காரன் பழி வாங்குவான்னு பயம், யோகனான்ங்கிற படைத்தலைவன் தலைமையில ஜனங்க எரேமியாகிட்ட வந்து எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க, நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தர் சொல்றதைக் கேப்போம்னு சத்தியமே பண்றாங்க. 10 நாள் கழிச்சு பதில் வருது, இந்த தேசத்துலயே இருங்கன்னு. உடனே நீ பொய் சொல்றேன்னு எரேமியா மேல பாய்றாங்க. முந்தின அதிகாரத்தைத் திருப்பிப் பாத்தா ஜெபம் கேட்க வரும்போதே அவங்க எகிப்துக்குப் போக மூட்டை கட்டி பெத்லகேம் பக்கத்துல வந்து தங்கியிருக்காங்க. முடிவு முன்னாடியே எடுத்தாச்சு, கேட்டது கையெழுத்து மட்டும்தான். நீங்க அப்படின்னு நான் சொல்லல, எனக்குத் தெரியாது. ஆனா ரெண்டு பதில்ல எது வந்தா உங்களுக்கு ஏமாற்றமா இருக்கும்னு ஒரு பேப்பர்ல எழுதி கர்த்தர் முன்னாடி வச்சுட்டு அப்புறம் ஜெபம் பண்ணுங்க, அந்த ஜெபம் வேற மாதிரி இருக்கும்.

பணத்துக்காகவோன்னு குத்துதுன்னீங்க. ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் டீட்ரிஷ் போன்ஹோஃபர் 1939 ஜூன்ல ஹிட்லரோட ஜெர்மனியை விட்டு நியூயார்க் போயிட்டார், பாதுகாப்பான இடம், நண்பர்கள் ஏற்பாடு பண்ணின வேலை. ஒரு மாசம் முடியறதுக்குள்ள திரும்பிப் போக முடிவு பண்ணிட்டார். அந்த நாட்கள்ல எழுதின டைரியில என் முடிவுகள் எதுலயும் என் உள்நோக்கம் எனக்கே முழுசா தெளிவா இல்லைங்கிற அர்த்தத்துல எழுதி வச்சிருக்கார். 1945 ஏப்ரல் 9-ம் தேதி ஃபிளாசன்பர்க் முகாம்ல அவரைத் தூக்குல போட்டாங்க. அப்படிப்பட்ட மனுஷனுக்கே நோக்கம் நூறு சதவீதம் சுத்தமான்னு தெரியல, ஆனாலும் முடிவெடுத்தார். குடும்பத்துக்கு சாப்பாடு போட பணம் வேணும்னு நினைக்கிறது பாவம் இல்ல, அது உங்க கடமையில ஒரு பாதி.

இன்னொரு பாதி அப்பா அம்மா. இதுக்கு 1527-ல நடந்த ஒண்ணு ரொம்ப உதவும். அந்த வருஷம் ஜெர்மனியில விட்டன்பர்க்ல கொள்ளை நோய் வந்துச்சு, பல்கலைக்கழகத்தையே யேனாவுக்கு மாத்திட்டாங்க, சபை சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் போக மாட்டேன்னு அங்கயே இருந்துட்டார், கர்ப்பமா இருந்த மனைவி கத்தரீனாவும் கூட இருந்தாங்க. பிரெஸ்லாவ்ல இருந்த யோகான் ஹெஸ்ங்கிற போதகர், கிறிஸ்தவன் கொள்ளை நோய்க்குப் பயந்து ஓடலாமான்னு கேட்டதுக்கு லூத்தர் பதில் எழுதினார். தான் இருந்துட்டதால எல்லாரும் இருக்கணும்னு அவர் சொல்லல. உயிரைக் காப்பாத்திக்க நினைக்கிறது இயல்பு, போறவங்களைக் குத்தம் சொல்லக் கூடாதுங்கிறார். ஆனா உன்னை நம்பி இருக்கிறவனைப் பாக்க வேற ஆள் இருக்காங்கிறதுதான் அவரோட கேள்வி, ஆள் இருந்தா போகலாம், இல்லைன்னா விட்டுட்டுப் போக உரிமை இல்ல, பெத்தவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது ரெண்டு பக்கமும் பொருந்தும்ங்கிறார். மருந்து வேண்டாம், தேவன் காப்பாத்துவார்னு இருக்கிறதை விசுவாசம்னு அவர் ஒத்துக்கல, அது தேவனைச் சோதிக்கிறதுன்னு எழுதினார்.

உங்க கடிதத்தை நான் ரெண்டு தடவை படிச்சேன். மனைவி சொன்னது இருக்கு, சகோதரர் சொன்னது இருக்கு, கணக்கு எதுக்குன்னு கேட்டவர் சொன்னது இருக்கு, அம்மா என்ன சொன்னாங்கங்கிறது ஒரு வரி கூட இல்ல. அம்மாகிட்ட கேட்டீங்களா? போப்பா நான் பாத்துக்கிறேன்னு முதல் வார்த்தையில சொல்வாங்க, அதோட எழுந்திடாதீங்க, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்க, எதுல முடியாம போகுதுன்னு உக்காந்து கேளுங்க. அப்பாகிட்டயும் சொல்லுங்க, பக்கவாதத்துல பேச்சு போனாலும் நல்லா புரிஞ்சுக்கிறவங்க நிறைய பேர் உண்டு. டாக்டரையும் பாருங்க, பக்கவாதத்துல உடம்பு தேறுறது முதல் சில மாசங்கள்லதான் வேகமா நடக்கும், அப்பா இப்ப எந்த கட்டத்துல இருக்கார், பயிற்சி கொடுக்க ஆள் வேணுமாங்கிறது உங்க முடிவையே மாத்தலாம். அந்தக் கம்பெனியில சேர்ற தேதியைத் தள்ளிப் போட முடியுமான்னு கேளுங்க, முடியாதுன்னா முதல்ல நீங்க மட்டும் போய் சில மாசம் பாக்கலாம், வீட்டைக் காலி பண்ற மாதிரி திரும்ப முடியாத எதையும் இப்ப செய்யாதீங்க.

என் மனசுல பட்டதைச் சொல்லணும்னா, அம்மாவுக்குத் துணையா நம்பகமான ஒரு ஆள் ஏற்பாடு ஆகாம போகாதீங்க, வேலை கை நழுவினாலும் பரவால்ல. ஏற்பாடு ஆயிடுச்சுன்னா குற்ற உணர்ச்சி இல்லாம போங்க. தேவனுக்குக் காணிக்கை ஆக்கிட்டேன்னு சொல்லி பெத்தவங்களைக் கவனிக்காம தப்பிச்சவங்களை இயேசு கடுமையா கண்டிச்சிருக்கார், அதே இயேசு தான் கூட இருக்க முடியாத நேரத்துல, சிலுவையில தொங்கிட்டே, அம்மாவை ஒரு சீஷன்கிட்ட ஒப்படைச்சார், அந்த சீஷன் அன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். கனம்பண்றதுன்னா எப்பவும் பக்கத்துலயே இருக்கிறதுன்னு மட்டும் இல்ல, ஆனா பேருக்கு ஒரு ஏற்பாடும் போதாது.

தப்பா போயிடுமோங்கிற பயம் இருக்கும். மக்கெதோனியாவுக்கு வான்னு கூப்பிட்ட தரிசனம் கண்டு சரியா கீழ்ப்படிஞ்ச பவுல் பிலிப்பியில அடி வாங்கி ஜெயிலுக்குப் போனார், அதனால முடிவுக்கு அப்புறம் கஷ்டம் வந்தா முடிவு தப்புன்னு எடுத்துக்காதீங்க. கிரேத்தாவுல தப்பா முடிவெடுத்த அந்தக் கப்பல் உடைஞ்சது, சரக்கும் போச்சு, ஆனா அதுல இருந்த 276 பேரும் கரை சேர்ந்தாங்க. அதுலயும் ஒருத்தர் உயிரும் போகாதுன்னு தேவன் வாக்கு கொடுத்த பிறகும், மாலுமிகள் படகுல தப்பிக்கப் பாத்தப்ப இவங்க கப்பல்ல இல்லைன்னா நீங்க தப்ப முடியாதுன்னு பவுல் தடுத்தார் பாருங்க, வாக்குத்தத்தம் கையில இருந்தும் செய்ய வேண்டியதை செஞ்சார்.

மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கு. முதல்ல அம்மாகிட்ட பேசுங்க, அப்புறம் டாக்டர், அப்புறம் கம்பெனி. அம்மா என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க, உங்க அப்பாவுக்காக இன்னைக்கே ஜெபம் பண்றேன்.

அன்புடன்,
அக்கா