மூச்சு வாங்குகிறது, கருவியோ 98 காட்டுகிறது!

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 46. மலைக்கோட்டைப் படிகளில் பாதி ஏறுவதற்குள் மூச்சு இரைக்கிறது. மகன் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தான், 98 காட்டியது. ஆக்சிஜன் குறையாதபோது இரைப்பு ஏன்? மூச்சை இழுத்துவிட்டுப் பழகினால் சரியாகுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: கருவி பொய் சொல்லவில்லை. நல்ல நுரையீரல், படியேறும்போதும் இரத்தத்தில் ஆக்சிஜனை ஏறக்குறைய முழுமையாக நிரப்பியே அனுப்புகிறது. கூடுதலாக இழுத்தால் கூடுதலாக ஏறிவிடாது. மேல்மூச்சு வாங்குவது பெரும்பாலும் தசைகளில் சேரும் கரியமில வாயுவை வெளியேற்றத்தான். (ஆக்சிஜன் கலந்த குடிநீர் என்று விற்கிறார்களே, அதில் காசைப் போடாதீர்கள். வயிற்றுக்கு மூச்சுவிடத் தெரியாது.)

பாடுபடுவது இதயம். சும்மா உட்கார்ந்திருக்கையில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அனுப்பும் அது, கடும் உழைப்பில் 20 லிட்டர் வரை அனுப்பும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்கள் சுருங்க, தொடையிலும் கெண்டைக்காலிலும் குழாய்கள் விரிகின்றன. ஓய்வில் ஐந்தில் ஒரு பங்கு இரத்தம் பெற்ற தசைகளுக்கு, உழைப்பின் உச்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு கிடைக்கிறது.

தசைக்குள் நடப்பது இன்னும் அழகு. சிவப்பணுவின் அகலம் 7, 8 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மிக நுண்ணிய இரத்தக் குழாயான தந்துகி பல இடங்களில் அதைவிடக் குறுகல். அணுக்கள் மடங்கி நெளிந்து ஒற்றை வரிசையில் நகர்கின்றன. உழைக்கும் தசையில் சூடும் அமிலமும் கரியமில வாயுவும் கூடியிருப்பதால், சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், அதன் மீதுள்ள பிடியைத் தளர்த்துகிறது. கரியமில வாயு இப்படிச் செய்வதை 1904இல் கோபன்ஹேகனில் கண்டறிந்தவர்களில் முதன்மையானவர் கிறிஸ்டியன் போர். அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் தந்தை. 100 மில்லி இரத்தம் சுமக்கும் 20 மில்லி ஆக்சிஜனில் ஓய்வில் 5 மில்லிதான் இறங்கும்; கடும் உழைப்பில் 15 மில்லி வரை இறங்கிவிடும்.

இனி உங்கள் விஷயம். ஹீமோகுளோபினை பஸ் என்றும் ஆக்சிஜனைப் பயணி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிமீட்டர், ஓடுகிற பஸ்களில் இருக்கைகள் நிரம்பியிருக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கும். எத்தனை பஸ் ஓடுகிறது என்று எண்ணாது. ஹீமோகுளோபின் 100 மில்லி இரத்தத்துக்கு 8 கிராமாக இறங்கியிருந்தாலும் அது 98 காட்டும்! இந்த வயதில் மாதவிடாய்ப் போக்கு அதிகமாகி இரத்தசோகை வருவது சகஜம். முதலில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள். 12க்குக் கீழே என்றால் காரணத்தைக் கண்டறிந்து சிகிச்சை பெற வேண்டும். நெஞ்சில் அழுத்தம், மயக்கம், கால் வீக்கம் ஏதேனும் இருந்தால் தள்ளிப்போடாமல் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் பயிற்சிக் குறைவுதான். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். சில வாரங்களில் இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பும் இரத்தம் கூடும், தசையில் புதிய தந்துகிகளும் முளைக்கும். அதன் பிறகு மலைக்கோட்டைக்குப் போங்கள்.