செல்லோடு செல் கலப்பது எப்படி? கேள்வி பதில்

கே: ஒரு தசை நாரில் நூற்றுக்கணக்கான உட்கருக்கள். ஒரே செல், தான் பிரியாமல் உட்கருவை மட்டும் பெருக்கிக்கொண்டதா?

இல்லை. பல செல்கள் கலந்து ஒரே செல்லாகித்தான் நார் உருவாகிறது. 1967இல் மின்ட்ஸ், பேக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்த சோதனை இதற்குச் சான்று. இரண்டு அலகுகள் சேர்ந்து உருவாகும் ஒரு நொதி. அதன் இரு வேறு வடிவங்களைக் கொண்ட எலிக் கருக்களை ஒட்டி ஒரே எலியாக வளர்த்தார்கள். நொதியின் வடிவங்களை மின்புலத்தில் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்தபோது, எலும்புத் தசையில் மட்டும், இரு வடிவங்களும் கலந்த மூன்றாவது பட்டை தெரிந்தது. இருவகை உட்கருக்களும் ஒரே சைட்டோபிளாசத்துக்குள் இருந்தாலொழிய அந்தக் கலப்பு நொதி வரவே வராது. எவ்வளவு தெளிவான சான்று, பாருங்கள்!

கே: அப்படியானால் அருகருகே இருக்கும் எல்லாச் செல்களும் ஏன் கலந்துவிடுவதில்லை?

செல்லைச் சூழ்ந்த சவ்வின் மேலுள்ள நீர்ப்படலம் நெருங்க விடாது. அதை மீற, தனிப் புரதங்கள் தேவை. தசையில் அவை மயோமேக்கர் (2013), மயோமிக்சர் (2017). மயோமேக்கர் இரு செல்களிலும் இருக்க வேண்டும். மயோமிக்சர் ஒன்றில் இருந்தால் போதும். மயோமிக்சர் இல்லாவிட்டால் சவ்வில் ஏற்றிய சாயம் பக்கத்துச் செல்லுக்குப் பரவும், உள்ளே ஏற்றிய சாயம் பரவாது. இரு சவ்வுகளின் வெளி அடுக்குகள் கலந்தும், செல்களுக்கு இடையே துளை திறக்கவில்லை என்று பொருள்.

கே: நஞ்சுக்கொடியில் வைரஸ் புரதம் இருப்பது உண்மையா?

உண்மைதான். சின்சிட்டின், பழைய ரெட்ரோவைரஸின் உறைப் புரதம். அது செல்களைக் கலக்கவைப்பதால்தான் தாயின் இரத்தத்தைத் தொடும் இடைவெளியற்ற அடுக்கு உருவாகிறது. எலியில் சின்சிட்டின்-ஏ மரபணுவை நீக்கினால் கரு 11.5 முதல் 13.5 நாட்களுக்குள் இறந்துவிடும்.

கே: ஆய்வகத்தில் வளர்க்கும் சி2சி12 என்ற எலித் தசைச் செல்களில் தசைக் குழாய்கள் (செல்கள் கலந்து உருவாகும் நீள் குழாய்கள்) வரவே மாட்டேன் என்கின்றன. எங்கே தவறு?

பெரும்பாலும் தவறு முன்பே நடந்திருக்கும். வளர்ப்பின்போது தட்டை முழுதாக நிரம்பவிட்டால், கலக்கும் திறனுள்ள செல்கள் குறைந்துபோகும். 60–70 சதவீதம் நிரம்பியதுமே புதுத் தட்டுகளுக்குப் பிரித்துவிடுங்கள். பலமுறை பிரித்த பழைய செல்களைத் தவிருங்கள். சோதனைத் தட்டு 80–90 சதவீதம் நிரம்பியதும் 2 சதவீதக் குதிரைச் சீரம் உள்ள ஊடகத்துக்கு (வளர்ப்புத் திரவத்துக்கு) மாற்றுங்கள். நான்கைந்து நாட்களில் குழாய்கள் தெளிவாகத் தெரியும். ஊடகத்தைத் தட்டின் ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். வேகமாக ஊற்றினால் குழாய்கள் உரிந்துவிடும். ஊடகத்தில் கால்சியம் இல்லாவிட்டாலும் கலப்பு நடக்காது.

கே: கலப்பு விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது?

மயோசின் என்ற தசைப் புரதத்தைக் காட்டும் சாயம் ஏறிய, இரண்டுக்கு மேற்பட்ட உட்கரு கொண்ட குழாய்களிலுள்ள உட்கருக்களை மொத்த உட்கருக்களால் வகுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படிந்த செல்களும் கலந்தவைபோலத் தோன்றும். அதனால் பச்சை, சிவப்பு என இருநிறச் செல்களை ஒரே தட்டில் சேர்த்து வளர்த்து, இரு நிறமும் தெரியும் குழாய்களைத் தனியே எண்ணிப் பாருங்கள்.