வெறும் விகுதியா?

கேள்வி: ஸ்புட்னிக், பீட்னிக்னு வர்ற 'நிக்' வெறும் ரஷ்ய விகுதிதானா, அதுக்கு அர்த்தம் ஏதாவது உண்டா?

பதில்: அந்த 'வெறும்'தான் என்னால தாங்க முடியல. விகுதின்னா சொல்லோட வால்னு நெனைக்கிறவங்களோட இந்தப் பக்கத்துல வருஷக்கணக்கா சண்ட போட்டுட்டிருக்கேன், இன்னைக்கும் போடுறேன்.

நிக்-ல இருக்கிற 'ன்' முதல்ல அதோடதே இல்ல. ரஷ்யன், போலிஷ் மாதிரி மொழிகளுக்குத் தாயான பழைய ஸ்லாவிய மொழியில 'புத்'னா வழி, அதுல 'ன்' சேர்த்தா 'வழிக்குரிய', அதுக்கு மேல 'இக்' சேர்த்தா வழிப்போக்கன். இந்த ரெண்டு விகுதியும் அடுத்தடுத்தே வந்து வந்து ஜனங்க காதுல ஒண்ணாயிடுச்சு, அப்புறம் பெயரடையே தேவையில்லாம நேரா பெயர்ச்சொல்லோட போய் ஒட்டிக்கிச்சு. முன்னாடி 'உடன்'ங்கிற அர்த்தத்துல ஒரு 'ஸ்' போட்டா ஸ்புட்னிக். வழித்துணை! 1957 அக்டோபர் 4-ல மேல போன 83.6 கிலோ உருண்டைக்கு, உலகத்தோட முதல் செயற்கைக்கோளுக்கு, எவ்வளவு அழகான பேரு பாருங்க.

ஆளுக்கு மட்டும்தான்னு நெனைக்காதீங்க. ரஷ்யன்ல 'மலோச்னிக்'னா பால்காரரும்தான், பால் ஊத்தி வைக்கிற குவளையும்தான். 'சாய்னிக்'னா டீ கெட்டில், புதுசா வண்டி ஓட்டக் கத்துக்கிட்டுத் தடுமாறுறவரையும் அங்க சாய்னிக்னுதான் கூப்பிடுறாங்க. போலிஷ்ல சொல்லுக்கு 'ஸ்வோவோ', அதுல நிக் சேர்ந்து 'ஸ்வோவ்னிக்' ஆனா அகராதி. ஆளு, பாத்திரம், புத்தகம் எல்லாத்தையும் பெத்துப் போடுற ஒண்ண வெறும்னு சொல்ல எப்படி மனசு வருது?

இங்கிலீஷுக்கு இத முதல்ல கொண்டு போனது ஸ்புட்னிக் இல்ல, கிழக்கு ஐரோப்பிய யூதர்களோட மொழியான யித்திஷ் பேசுறவங்க. நச்சரிக்கிறவனுக்கு அவங்க வார்த்தை 'நுட்னிக்'. ஸ்புட்னிக் வந்த பிறகு அது ஜுரம் மாதிரி பரவிச்சு, 1958 ஏப்ரல்ல சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை காலமிஸ்ட் ஹெர்ப் கேன், ஊர் வழக்கத்துக்கு அடங்காத 'பீட்' இளைஞர்களைக் கிண்டலா 'பீட்னிக்'னு எழுதினாரு.

ஆனா எனக்கு நெஞ்சு வலிக்கிற சொல்லு வேற. சோவியத்தை விட்டு வெளிய போக விசா கேட்டு, மறுக்கப்பட்டு, காத்துக்கிட்டே கெடந்த யூதர்களுக்கு ரஷ்யன்ல 'அத்காஸ்னிக்', அதாவது மறுக்கப்பட்டவர். அத இங்கிலீஷ்ல 'ரெஃப்யூஸ்னிக்' ஆக்குனாங்க, சரி. கொஞ்ச காலத்துல 'நான் மாட்டேன்'னு எதையோ மறுக்கிறவரையும் அதே சொல்லால கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. கதவு சாத்தப்பட்டு வெளிய நின்ன மனுஷன், கதவைச் சாத்துற மனுஷனா ஆயிட்டாரு. நம்ம பத்திரிகைங்க இந்தச் சொல்ல எடுக்கும்போதாவது எந்த அர்த்தத்துல எடுக்கிறோம்னு பாத்து எழுதணும்.