யார் கள்ளன், யார் போலீஸ்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு வயதிலிருந்து கேம் ஆடுகிறேன். கல்லூரி விடுதியில் கவுண்டர் ஸ்ட்ரைக், கால் ஆஃப் டூட்டி என்று விடிய விடிய ஆடியிருக்கிறோம். அப்போது அதில் அரசியல் எல்லாம் கிடையாது. இப்போது எந்த கேமை எடுத்தாலும் பாடம் நடத்துகிறார்கள். உலகப்போர் கேமில் பெண் சிப்பாய், எங்கு பார்த்தாலும் ஓரினக் காதல். எல்லாவற்றுக்கும் மேல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகம். முதல் பாகத்தை மூன்று தடவை முடித்தவன் நான். அதன் நாயகன் ஜோயல் எனக்கு அப்பா மாதிரி (என் அப்பா 2019இல் தவறிவிட்டார்). அவரை ஆரம்பத்திலேயே ஆபி என்பவள் கோல்ஃப் மட்டையால் அடித்துக் கொல்கிறாள். அப்புறம் அவளையே என் கையில் கொடுத்து ஆடு என்கிறார்கள். தியேட்டர் சண்டையோடு நிறுத்திவிட்டேன். ஆபியாக நடித்தவருக்கு மிரட்டல் வந்ததாம். ரசிகனைச் சீண்டினால் வரத்தானே செய்யும்? விளையாட்டில் அரசியல் தேவையா? எங்களை விரட்டிவிட்டு யாருக்காகச் செய்கிறார்கள்? இனிமேல் கேம் வாங்குவதா வேண்டாமா என்றே தெரியவில்லை.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அக்கா போன் செய்து, ஊரில் எங்கள் தெருமுனை வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள் என்று சொல்லியிருந்தாள். அதற்கும் உங்கள் கடிதத்துக்கும் சம்பந்தம் உண்டு. பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்களைத் திட்ட வேண்டும். “வரத்தானே செய்யும்” என்று எப்படி எழுத மனம் வந்தது? லாரா பெய்லி ஆபிக்குக் குரல் கொடுத்தவர். கதையை எழுதியவர்கூட அல்ல. கொன்றுவிடுவோம் என்று அவருக்கு ஆட்கள் எழுதினார்கள். அவருடைய சின்னக் குழந்தையையும் விடவில்லை. 2020 ஜூலையில் அந்தச் செய்திகளில் சிலவற்றை அவரே வெளியிட்டார். இதற்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தால் உங்களோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை. அந்த வரியை நீங்கள் யோசிக்காமல் எழுதிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டுதான் மேலே போகிறேன்.

பெண் சிப்பாய் விஷயத்தில் நேரம் செலவழிக்க விருப்பமில்லை. அந்தப் போரில் சோவியத் படையின் லுத்மிலா பவ்லிசென்கோ என்ற ஒரே பெண் சுட்டுக் கொன்றதாகக் கணக்கு 309 பேர். ஜோயல் மகளைப் போலப் பார்த்துக்கொள்ளும் எல்லி, ஒரு பெண்ணை முத்தமிட்டது 2014இல் வந்த ‘லெஃப்ட் பிஹைண்ட்’ துணைக்கதையிலேயே இருக்கிறது. முதல் பாகத்தை மூன்று தடவை முடித்தவருக்கு அது இப்போதுதான் உறுத்துகிறதா?

ஒரு நியாயம் உங்கள் பக்கம் உண்டு. 2019இல் வந்த இரண்டாம் பாக முன்னோட்டத்தில் எல்லியின் பின்னால் வந்து நின்றது ஜோயல். கேமில் அதே இடத்தில் வருவது அவள் நண்பன் ஜெஸ்ஸி. ஜோயல் கடைசிவரை கூட வருவார் என்று நம்ப வைத்துத்தான் விற்றார்கள். அதை ஏமாற்று என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் “அப்போது அரசியல் கிடையாது” என்கிறீர்களே, அதை விட முடியாது.

2002 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். அன்று அமெரிக்க ராணுவமே ஒரு கேமை வெளியிட்டது. பெயர் ‘அமெரிக்காஸ் ஆர்மி’. யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. இளைஞர்களைப் படைக்கு இழுப்பதுதான் நோக்கம், அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. இருபது வருஷம் நடத்தி 2022இல்தான் மூடினார்கள். அதில் இரண்டு அணிகள் மோதும். நீங்கள் எந்த அணியில் இருந்தாலும் உங்கள் திரையில் நீங்கள் அமெரிக்க வீரர், எதிரே வருகிறவன் எதிரி. அதே நேரத்தில் அவனுடைய திரையில் அவன் அமெரிக்க வீரன், நீங்கள்தான் எதிரி. எதிரியாக ஆடுவது யாருக்கும் முடியாது. அப்படி ஒரு இடமே அதில் கிடையாது. எத்தனையோ பேர் வருஷக்கணக்காக ஆடினார்கள், ஒருவர்கூட ஒரு நிமிஷம் எதிரியாக இருந்து பார்க்கவில்லை.

இதைவிடப் பெரிய அரசியல் என்ன இருக்க முடியும்? அதில் யாரும் வசனம் பேசவில்லை, பாடம் நடத்தவில்லை. விதியிலேயே வைத்துவிட்டார்கள். நீங்கள் சொன்ன கால் ஆஃப் டூட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் குவைத்திலிருந்து பின்வாங்கிய இராக்கியர்களை அமெரிக்கக் கூட்டுப் படை விமானங்கள் குண்டு போட்டு எரித்த சாலைக்கு ‘மரண நெடுஞ்சாலை’ என்று பெயர். 2019இல் வந்த ‘மாடர்ன் வார்ஃபேர்’ அந்தப் பெயரையே எடுத்து, கதையில் குண்டு போட்டது ரஷ்யர்கள் என்று மாற்றிவிட்டது. நாம் சுடுகிறவன் பக்கமே உட்கார்ந்து பழகியதால் அதெல்லாம் அரசியலாகத் தெரிவதில்லை. எந்தப் பக்கம் உட்கார வைக்கிறார்கள் என்பதுதான் அரசியல்.

இப்போது வேப்பமரம்.

எனக்கு அப்போது பத்து வயது. கோடை விடுமுறை முழுக்கக் கள்ளன் போலீஸ்தான். சாட் பூட் த்ரீ போட்டு யார் போலீஸ், யார் கள்ளன் என்று பிரிப்போம். கடைசி வீட்டுப் பையன் ஒருவனுக்கு மட்டும் அது கிடையாது, அவன் எப்போதுமே கள்ளன். அவன் அப்பாவை ஏதோ பம்ப்செட் மோட்டார் காணாமல் போனதற்காக ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்கார வைத்து, அவர் எடுக்கவில்லை என்று தெரிந்து அனுப்பிவிட்டார்கள். திண்ணையில் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசியது எங்கள் காதில் விழுந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது எங்களுக்கு.

ஒரு சாயங்காலம் அவனைப் பிடித்தது நான். கையைப் பின்னால் இழுத்துத் தேங்காய் நார்க் கயிற்றால் அந்த வேப்பமரத்தோடு கட்டினேன். அம்மா காபிக்குக் கூப்பிட்டாள், போனேன். அப்படியே மறந்துபோனேன். விளக்கு வைத்த பிறகு ஞாபகம் வந்து ஓடினால், அவன் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறான். தெருவில் அத்தனை பேர் போய்வந்திருப்பார்கள், யாரும் அவிழ்த்துவிடவில்லை, பிள்ளைகள் விளையாட்டுதானே. முடிச்சு இறுகிவிட்டது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். மணிக்கட்டில் நார் பதிந்து வரிவரியாகச் சிவந்திருந்தது. அவன் அழவில்லை. “நாளைக்கு நான் போலீஸாடா?” என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன்.

மறுநாளும் அவனைத்தான் கள்ளனாக்கினோம். நான் வாய் திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் அவன் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

நீங்கள் விரட்டப்பட்டதாக எழுதுகிறீர்கள். விரட்டப்படுவது என்றால் எனக்கு அவன் முகம்தான் வருகிறது. 2020 ஜூன் 19, ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகம் வெளிவந்த நாள். முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். சில மணி நேரத்துக்குள்ளேயே, கேம்களுக்கு மதிப்பெண் போடும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகப் போட்டுத் தள்ளினார்கள். வெளிவந்து 36 மணி நேரம் கழித்துத்தான் மதிப்பெண் போடலாம் என்று அடுத்த மாதம் அந்தத் தளம் விதி கொண்டுவர வேண்டியதாயிற்று. இன்னொரு பக்கம், மூன்றே நாளில் நாற்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. போகிறபோக்கில் உலகத்துக்கே கேட்கும்படி கத்த முடிந்தவர்களை விரட்டப்பட்டவர்கள் என்று எப்படிச் சொல்வது?

சரி, உங்களை அவ்வளவு தொந்தரவு செய்த இடத்துக்கு வருகிறேன். 2013இல் முதல் பாகத்தின் முடிவில் ஆஸ்பத்திரி அறையில் எல்லியை அறுக்க ஒரு மருத்துவர் நிற்பார், கையில் சின்னக் கத்தி. ஜோயலாக ஆடும் நீங்கள் அவரைக் கொல்லாமல் கேம் மேலே நகராது. பொத்தானை அழுத்தியது நீங்கள்தான், மூன்று தடவையும். அவருக்குப் பெயர் உண்டா, வீடு உண்டா என்று அப்போது நாம் கேட்டோமா? ஏழு வருஷம் கழித்து அவருடைய மகள் வருகிறாள். அவள்தான் ஆபி. தியேட்டர் சண்டையில் அவளாக இருந்து எல்லியை அடிக்கச் சொல்லும்போது உங்களுக்குக் கை வரவில்லை. கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டீர்கள். அந்த மருத்துவரைச் சுடும்போது கை வந்ததே, எஸ்.?

உண்மையான அரசியல் சண்டை போட வேண்டிய இடம் ஒன்று அந்த கேமில் உண்டு, அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. இயக்கிய நீல் டிரக்மன், இஸ்ரேல் ஆக்கிரமித்த மேற்குக் கரையில் சின்ன வயதில் வளர்ந்த இஸ்ரேலியர். 2000இல் ரமல்லாவில் இரண்டு இஸ்ரேலியச் சிப்பாய்களைக் கூட்டம் அடித்துக் கொன்ற காட்சியைப் பார்த்தபோது தனக்குள் எழுந்த வெறியும், அதைப் பற்றிப் பிறகு வந்த வெட்கமும்தான் இந்தக் கதைக்கு ஒரு விதை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆக்கிரமித்தவனையும் ஆக்கிரமிக்கப்பட்டவனையும் ஒரே தட்டில் வைத்து, பழிக்குப் பழி என்று கணக்கை முடித்துவிட்டார் என்று விமர்சித்தவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். நீங்களோ ஆபிக்கு ஆண்பிள்ளை மாதிரி புஜம் என்று சண்டைக்குப் போனவர்களோடு சேர்ந்து நிற்கிறீர்கள். உங்களைப் போல ஆழ்ந்து ஆடுகிறவர் போட வேண்டிய சண்டை அதுவல்ல.

கேம் வாங்குவதா வேண்டாமா என்பதெல்லாம் உங்கள் பர்ஸ் சம்பந்தப்பட்ட விஷயம். என்னைக் கேட்காதீர்கள். நான் கேட்க நினைப்பது வேறு. உங்கள் அப்பா போனதை ஏன் அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள்? கடிதம் முழுக்கக் கோபம், அந்த ஒரு வரி மட்டும் உள்ளே ஒடுங்கிக் கிடக்கிறது. அப்பா போன அடுத்த வருஷம், ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்து, ஜோயலையும் அப்படிப் பறிகொடுத்திருக்கிறீர்கள். அந்த வலி பொய் இல்லை, தம்பி. அதற்கு யாரோ வெள்ளைக்காரன் திட்டம் போட்டான் என்று பெயர் வைக்க வேண்டாம்.

இன்னொன்று. பாதியில் நிறுத்தியதால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. எல்லாம் முடிந்த பிறகு, எல்லியின் நினைவில் ஜோயல் ஒரு தடவை வருகிறார். இரவு, வீட்டு முன் தாழ்வாரம், கிட்டார், ஒரு கோப்பை காபி. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசுகிறார்கள். என்ன பேசினார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. டிஸ்க் இன்னும் வீட்டில் இருக்கிறதுதானே?